உப்பு புகுந்த எஞ்சின்

ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியை நம் நாட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் குல்மார்க் போன்ற இடத்துக்குப் போக வேண்டும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் எஞ்சின். அந்த வண்டிக்கும் வெயில் காயும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மேல்மூடியைக் கழற்றிக் காட்டினால் நம்மூர் மெக்கானிக் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின். விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகள். அவற்றை இணைக்கும் ரப்பர் பெல்ட். கியர் கிடையாது, கிளட்ச் லீவர் கிடையாது, முறுக்கினால் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வீடுகளின் பின்கொட்டகைகளில் சாக்குப் போர்த்தி நிற்கும் கைனடிக் ஹோண்டாவின் வயிற்றுக்குள்ளும் இதேதான் இருக்கிறது.

கனடாவின் கியூபெக்கில் ஜோசஃப் அர்மாண்ட் பொம்பார்டியர் 1959இல் ‘ஸ்கி-டூ’ என்ற சிறிய பனிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதல் வண்டிகளில் இருந்தது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். சில ஆண்டுகளிலேயே ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் செய்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அந்த இடத்தைப் பிடித்தது. காரணம் எளிது. எடை குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடி, உறைகுளிரில் கூழாகிப் போகும் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெல்ட்டும் கப்பியும் கொண்ட தானியங்கி முறையைக் காருக்குப் பெரிய அளவில் பயன்படுத்தியது நெதர்லாந்தின் டாஃப், 1958இல். இந்த இரண்டு வழிகளும் 1984இல் நம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தன. புனேயின் கைனடிக் நிறுவனமும் ஜப்பானின் ஹோண்டாவும் கூட்டுச் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் செய்த 98 சிசி வண்டி அது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் என்பதே அன்று அதிசயம். ஸ்கூட்டர் என்றால் இடது கையை முறுக்கிக் கியர் மாற்றுவது, மழை நாளில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பத்து உதை உதைப்பது என்றிருந்த காலம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பெண்கள் முதன்முதலாக ஓட்டிய வண்டி இது. 1998இல் ஹோண்டா கூட்டிலிருந்து விலகியது. பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் காலம்.

இப்போது அந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து மறுபடி ஓட வைப்பது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி பைக்குகளுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்கு இல்லை. அதனாலேயே விலையும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வண்டியை வாங்கியவுடன் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை பெயிண்ட். பிறகு குரோம் பூச்சு, புது ஸ்டிக்கர், சீட் கவர். எஞ்சினுக்கு ஒரு பிளக்கும் கார்புரேட்டர் சுத்தமும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்நூறு கிலோமீட்டரில் பிஸ்டன் ஜாம் ஆகிறது. என் கட்சி வேறு. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைப் புதுப்பிப்பது என்றால் முக்கால் பங்கு கசிவு தேடுவது. கடலோரத்தில் நின்ற வண்டியென்றால் அந்தக் கசிவுக்கு வழி திறந்துவிட்டது பெரும்பாலும் உப்புதான்.

கசிவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் தண்டு சுழலும் அடிப்பெட்டி எண்ணெய் தங்கும் இடம். அங்கே ஒரு சீல் கிழிந்தால் தரையில் நாலு சொட்டு விழும், வீட்டில் திட்டு விழும், வண்டி ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் அதே அடிப்பெட்டிதான் எஞ்சினின் மூச்சு. 1891இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே காப்புரிமை பெற்ற யோசனை இது. பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே அடிப்பெட்டியில் வெற்றிடம் உண்டாகிறது. கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே பாய்கின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அமுங்குகிறது. சிலிண்டர் சுவரில் வெட்டியிருக்கும் வழிகளால் மேலே ஏறி, எரிந்த புகையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. மேலே வெடி நடக்கும் அதே நேரத்தில் கீழே பம்பு வேலை நடக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 முறை இது நடந்தாக வேண்டும்.

இந்தப் பம்பு அப்படியொன்றும் வலுவானதல்ல. மேலே சிலிண்டர் தலையில் கலவை ஏழெட்டு மடங்கு அமுங்குகிறது என்றால், கீழே அடிப்பெட்டியில் அமுங்குவது ஒன்றரை மடங்குக்கும் உள்ளேதான். இவ்வளவு மெல்லிய அழுத்தத்தை வைத்துத்தான் மொத்த மூச்சும் நடக்கிறது. மயிரிழை ஓட்டை இருந்தாலும் உறிஞ்சும் நேரத்தில் வெளிக்காற்று உள்ளே வரும். கார்புரேட்டர் அளந்து கொடுத்த கலவையோடு அளக்காத காற்று சேரும். பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டோடு எரியும். இதற்குமேல் ஒரு கேடும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய் போய்ச் சேருவது அந்தக் கலவையோடுதான். காற்று வேறு வழியில் வந்தால் எண்ணெயும் குறையும். சூடு கூடுகிறது, வழுக்கல் குறைகிறது, அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அதைத்தான் ஜாம் என்கிறோம். பழி பெரும்பாலும் ஆயில் மேல் விழும்.

கிராங்கின் இரு முனைகளிலும் அடிப்பெட்டியை அடைத்து நிற்பவை இரண்டு ஆயில் சீல்கள். ரப்பர் உதடு ஒன்று, அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க மெல்லிய சுருள் கம்பி ஒன்று, அவ்வளவுதான் சரக்கு. இருபது வருடம் நின்ற வண்டியில் உதடு பிளாஸ்டிக் போல இறுகியிருக்கும். புதியது மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. மாற்றிய பிறகும் கசிந்தால்? அப்போது தண்டைப் பார்க்க வேண்டும். சீலின் உதடு தொடும் வட்டத்தில் கடுகளவு குழிகள் தெரியும். அவை துருவின் தடம். புது ரப்பர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அந்தக் குழிகள் வழியாகக் காற்று போகத்தான் செய்யும், போதாக்குறைக்கு அவற்றின் விளிம்பு ரப்பரையும் அறுக்கும். அனுபவப்பட்ட மெக்கானிக் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருக்கிறார். சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி அமர்த்துவார். உதடு குழியில்லாத இரும்பில் உட்காரும். எஞ்சினின் மூச்சும் கடற்கரையின் உப்பும் சந்தித்துக்கொள்வது இந்த ஒரு மில்லிமீட்டரில்.

இனி உப்பு. கடல் அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்துக் கண்ணுக்குத் தெரியாத துளிகளைத் தெறிக்கவிடுகின்றன. காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளுகிறது. பெரிய துளிகள் கரையையொட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். உள்ளே போகப் போக அளவு மளமளவென்று குறையும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு நகரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரே வயதுள்ள, ஒரே மாடல் வண்டிகள் இரண்டை ஒன்று மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பிலும் இன்னொன்று கொளவாய் ஏரிப் பக்கத்திலும் பத்து வருடம் நிறுத்தி வைத்தால், இரண்டாவதில் வெறும் தூசியும் சிலந்திவலையுமாகத் துடைத்து எடுக்கலாம். முதலாவதில் தரைத் தகடு கையோடு வரும். கைனடிக் ஹோண்டாவில் இது இன்னும் ஏமாற்று வேலை: பிளாஸ்டிக் உறைகள் வெளுத்தாலும் முழுதாகவே இருக்கும், உள்ளே இரும்புச் சட்டம் அரித்திருப்பது உறையைக் கழற்றும்வரை தெரியாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் விலை பேசுமுன் ஒரு சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக் கேட்பது நல்லது.

சாதாரண ஈரத்தைவிடக் கடலுப்பு ஏன் கொடியது? கடலுப்பு தனி ஒரு பொருளல்ல. அதில் பெரும் பங்கு சோடியம் குளோரைடு. கூடவே மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் தங்கும் கசப்பு நீர் எத்தனை வெயில் காய்ந்தாலும் முழுதாக வற்றாததற்கும் இதுதான் காரணம். நம் கரையில் ஈரப்பதம் 33க்குக் கீழே போகும் நாள் அபூர்வம். ஆகவே வண்டியின் மேல் படிந்த உப்பு, மழையே இல்லாத மே மாதத்திலும், ஒரு மெல்லிய நீர்ப்படலமாகவே இருக்கிறது. இரும்பு அரிக்க ஆக்சிஜன், நீர், மின்னோட்டம் போக ஒரு கரைசல் ஆகிய மூன்றும் வேண்டும். கொட்டகைக்குள் சாக்குப் போர்த்தி வைத்தால் மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. சாக்கு உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் போர்த்தாமல் விடுவதே மேல்.

இதைவிட மோசமான சங்கதி, இந்த வேலையில் குளோரைடு செலவாவதில்லை என்பது. இரும்பின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்தைக் கிழித்து, குழிக்குள் புகுந்து, இரும்பு அயனிகளோடு சேர்ந்து அந்த இடத்தை அமிலமாக்குகிறது; துரு படிந்ததும் விடுபட்டு அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. கொஞ்சம் குளோரைடு துருவின் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அகாகனைட் என்ற துரு வகை அப்படிப்பட்டது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பெயிண்ட் அடித்த சட்டத்தில் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்புவது இதனால்தான். சிவப்பு போய்விட்டது, குழியின் அடியில் குளோரைடு அப்படியே இருக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், ஆகவே பெயிண்டை உள்ளிருந்தே தூக்கிவிடுகிறது.

கல்லுக்கும் இந்தத் தொல்லை உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் எழுந்த மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறது. கல்லின் நுண்துளைகளில் உப்பு கரைந்து, காய்ந்து, படிகமாகி, மறுபடி கரைந்து மேற்பரப்பைப் பொடியாக்குகிறது. தொல்லியல் துறையினர் சுத்த நீரில் ஊறவைத்த காகிதக்கூழைச் சிற்பங்களின் மேல் அப்பி வைக்கிறார்கள். கூழ் காயக் காய, கல்லுக்குள் இருக்கும் உப்பு நீரோடு வெளியே வந்து கூழில் தங்கிவிடும். பிறகு உரித்து எறிவார்கள். காற்றைத் தடுக்கச் சுற்றிலும் சவுக்குத் தோப்பு வேறு. இரும்புக்கும் சூத்திரம் இதேதான். முதலில் உப்பை வெளியே எடு, பிறகு பூச்சைப் பற்றி யோசி. ராஜசிம்மனின் கோயிலுக்குச் செய்வதை ஒரு ஸ்கூட்டருக்குச் செய்தால் குறைந்து போய்விட மாட்டோம்.

நம் மாவட்டத்தின் கல்பாக்கத்தில் அணு உலைகளைச் சுற்றியே உலோக அரிப்பை ஆராய ஒரு பெரிய விஞ்ஞானிகள் குழு இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. கடல்நீரால் குளிரூட்டும் நிலையத்தின் பக்கத்தில் அது இல்லாமல் எப்படி? காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் பல ஊர்களில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் போட்டிருக்கிறது. வீட்டுப் பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை. சலவைச் சோடா, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பேட்டரி சார்ஜர் போதும்.

தொட்டி நிறைய நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தைச் சார்ஜரின் எதிர்முனையோடும் ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைத்துத் தொங்கவிட வேண்டும். மின்சாரம் ஓடும்போது எதிர்முனையில் துரு இளகும். எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகள் குழியைவிட்டு நேர்முனையை நோக்கி நகரும். ஒரு நாள் விட்டு எடுத்தால் கறுப்புப் பொடி கையால் தேய்த்தாலே உதிரும். நீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். கடைசிக் கழுவு நீரில் வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தால் பாலாகத் திரிகிறதா என்று தெரிந்துவிடும். பிளஸ் டூ வேதியியல் சோதனைக் கூடத்தில் எல்லோரும் செய்ததுதான். எச்சரிக்கைகள் சில உண்டு. ஹைட்ரஜன் வாயு கிளம்பும், ஆகவே வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் தகட்டைப் போடக் கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். அலுமினியப் பாகம் எதையும் இந்தத் தொட்டிக்குள் விடக் கூடாது, காரம் அதைக் கரைத்துத் தின்றுவிடும். பெட்ரோல் டேங்க்கின் உள்பக்கத்துக்குச் சிட்ரிக் அமிலமே, அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பே, போதும். கழுவிய கையோடு காய வைக்காவிட்டால் கண் முன்னாலேயே மஞ்சள் துரு பூக்கும்.

எஞ்சினைப் பிரிக்கும்போது உப்பின் இன்னொரு கைவரிசை தெரியும். அலுமினியப் பெட்டியில் இரும்பு போல்ட். நடுவில் உப்பு நீர். இரண்டு வேறு உலோகங்களும் ஒரு கரைசலும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அலுமினியம்தான் கரையும். வெள்ளைப் பொடியாக மாறி, மரையில் அடைத்து, போல்ட்டை இறுக்கிவிடும். ஸ்பானர் போட்டு வலுவைக் காட்டினால் போல்ட் தலை மட்டும் கையோடு வரும். இங்கே வலுவைவிடச் சூடு பெரிது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 47 மில்லிமீட்டர் வெளிவட்டமுள்ள பேரிங் அமர்ந்த பெட்டியை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், பேரிங்கும் கூடவே சூடானாலும், துளை அதைவிட 0.04 மில்லிமீட்டர் பெரிதாகிவிடும். பேரிங்கை அதுவரை பிடித்து வைத்திருந்த இறுக்கமே அவ்வளவுதான். பெட்டியைக் கவிழ்த்து மரக்கட்டையில் ஒரு தட்டு தட்டினால் பொத்தென்று விழும். சுத்தியலும் உளியும் வைத்து அடித்து எடுக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அப்படி எடுத்த இடத்தில் புது பேரிங் இறுக்கமாக நிற்காது, கிராங்க் ஆட ஆரம்பிக்கும், சீல் மறுபடி கசியும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், எஞ்சினை மேசையில் வைத்து ஒரு சோதனை. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடைத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக உள்ளே காற்றை ஏற்ற வேண்டும். சைக்கிள் பம்பு கூடாது. அதன் வேகத்தில் நல்ல சீலும் பிதுங்கும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தும் மீட்டருமே இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். அதன் உச்ச அளவான 300 மி.மீ. பாதரசம், ஒரு சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அடிப்பெட்டிக்கு வேண்டியதும் அவ்வளவே. ஏற்றிவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். முள் நின்ற இடத்திலேயே நின்றால் சரி. இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேட வேண்டும். பஞ்சர் கடைக்காரரின் அதே வித்தை. பெரும்பாலும் குமிழி வருவது மேக்னெட் பக்கத்துச் சீலில், அல்லது இரண்டு பெட்டிப் பாதிகள் சேரும் கேஸ்கெட்டில், அல்லது யாரும் எதிர்பார்க்காத கார்புரேட்டர் அடிக்கட்டையில். பனிவண்டி ஆர்வலர்களில் கவனமானவர்கள் அழுத்தச் சோதனை செய்யாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மாட்டார்கள். நம் ஊரில் இதை வழக்கமாகச் செய்யும் பட்டறைகள் குறைவு. ‘ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும் சார்’ என்ற பதில்தான் அதிகம். தெரியத்தான் செய்யும், பிஸ்டன் உருகிய பிறகு.

சிலிண்டர் போரிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்த வேலைக்கு நம் மாவட்டத்தில் ஆள் பஞ்சமில்லை. மறைமலைநகரும் ஒரகடமும் பக்கத்தில் இருக்க, நல்ல லேத் கை கிடைக்காமல் போகாது. தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி அதற்கேற்ற ஓவர் சைஸ் பிஸ்டன் போடுவார்கள். டூ ஸ்ட்ரோக் பழக்கமில்லாதவரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சிலிண்டர் சுவரில் வழிகள் வெட்டியிருப்பதால் போரிங் முடிந்ததும் அந்த ஓட்டைகளின் ஓரம் கத்தி போல நிற்கும். அதை மெல்லச் சாய்த்துத் தேய்க்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ரிங் அதில் இடறும், ஒரு நாள் மாட்டி ஒடியும். ரிங்கின் வாய் அந்த ஓட்டைப் பக்கம் சுழன்று போகாமலிருக்கத்தான் பிஸ்டன் பள்ளத்தில் சின்ன ஊசி வைத்திருக்கிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டனில் அந்த ஊசி கிடையாது.

பெல்ட்டும் கப்பிகளும்தான் எனக்குப் பிடித்த பகுதி. முன்கப்பி கிராங்கில் இருக்கிறது. இரண்டு கூம்புத் தட்டுகள். ஒரு தட்டு அசையாது, மற்றது நெருங்கும், விலகும். நெருங்குகிற தட்டின் பின்னால் சிறிய உருளைகள். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் உருளைகள் மையத்தைவிட்டு வெளியே ஓடப் பார்க்கும். தட்டின் முதுகிலுள்ள சாய்தளத்தில் ஏறும்போது தட்டை உள்ளே தள்ளும். பெல்ட் கூம்பின் மேலே ஏறும். முன்கப்பி பெரிய கப்பியாகிவிட்டது. பெல்ட் நீளம் மாறாது என்பதால் பின்கப்பியில் அதே பெல்ட் தட்டுகளைப் பிரித்துக்கொண்டு கீழே இறங்கும். பின்கப்பி சிறியதாகிவிட்டது. நான்காவது கியர் போட்டாயிற்று, கை எதையும் தொடவில்லை.

உருளைகளின் தள்ளுவிசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. எதிர்ப்பக்கம் பின்கப்பியின் சுருள்வில் தட்டுகளை மூடப் பார்க்கும். இரண்டும் சமநிலைக்கு வரும் இடம் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகம். அதனால்தான் நல்ல நிலையிலுள்ள கைனடிக் ஹோண்டாவில் முழுதாக முறுக்கினால் எஞ்சின் சத்தம் ஒரே சுருதியில் நிற்க, வண்டி மட்டும் வேகம் கூடிக்கொண்டே போகும். எஞ்சின் தன் முழு வலுவைத் தரும் வேகத்தில் அந்தச் சுருதி நிற்க வேண்டும். எடை குறைந்த உருளை போட்டால் சுருதி ஏறும், கூடிய எடை போட்டால் இறங்கும். மலையுச்சியில் காற்று மெலிந்து எஞ்சின் வலு குறைவதால், பனிவண்டிக்காரர்கள் உயரத்துக்குத் தகுந்தபடி எடையைக் குறைத்துக்கொள்வார்கள். அவர்கள் வண்டியில் நின்ற நிலையில் முன்கப்பியே பெல்ட்டைத் தளர்த்திவிடும். நம் ஸ்கூட்டரில் பின்கப்பியோடு விரியும் கிளட்ச் தனியாக இருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

இங்கேயும் உப்பும் கசிவும் வந்து நிற்கின்றன. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் கூம்புத் தட்டின் முகம் துருப்பிடித்து உப்புத்தாள் ஆகியிருக்கும். புது பெல்ட்டைச் சில நாளில் பொடியாக்கும். உருளைகள் ஒரே இடத்தில் தேய்ந்து சப்பையாகி, உருளாமல் இழுபடும். அப்போது வண்டி இழுக்காமல் கத்தும். இன்னொரு தடயம் முக்கியமானது: பெல்ட் பெட்டிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு. பெல்ட்டுக்கு எண்ணெயே வேண்டாம். அங்கே பிசுக்கு இருந்தால் அது பெரும்பாலும் கிராங்க் சீல் வழியாக அடிப்பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கும். பெல்ட் வழுக்குகிறது என்று புது பெல்ட் வாங்கி மாட்டுபவர்கள் நோய் இருக்கும் இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு வருவது பெட்ரோல் சிக்கல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். 1984இல் வெறும் பெட்ரோலுக்கு அளந்து துளையிட்ட கார்புரேட்டர் ஜெட் வழியாக இதை ஊற்றினால் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிந்துவிடும். கசிவு அடைத்தும் எஞ்சின் சூடேறுகிறது என்றால் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுப் பார்க்க வேண்டும். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக வந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் உடனே நிறுத்துங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் குடிக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்க்கில் ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ-டி ஆயில் பெட்ரோலோடு மேலே நிற்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் டி.வி.எஸ். 50 போன்ற வண்டிகளில் அந்த முதல் வாய் எண்ணெயே இல்லாத வாய். ஓட்டாத வாரங்களில் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்து வைப்பது கடலோரத்தில் கட்டாயம்.

புகையைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும்போது புகை வழியும் திறந்தே இருப்பதால், கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக ஓடிவிடும். நான்கில் ஒரு பங்குவரை அப்படிப் போகலாம். டூ ஸ்ட்ரோக்கைச் சாலையிலிருந்து விலக்கியது இந்தக் குறைதான், அது நியாயமான விலக்கல். நூறு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில் எல்லோரும் இதில் வேலைக்குப் போகக் கூடாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, அதிகாலையில், வண்டி நல்ல நிலையில் என்றால் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதியலாம். முதல் கைனடிக் ஹோண்டா அந்த வயதைத் தொடுவது 2034இல். டி.வி.எஸ். 50 நான்கு வருடம் மூத்தது, 2030லேயே வரிசையில் நிற்கும். அதுவரை சட்டத்தையும் எஞ்சின் பெட்டியையும் மாற்றாமல், எண் அழியாமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். சலவைச் சோடா வேலையைக் கம்பி பிரஷ்காரரிடம் விடாததற்கு அது இன்னொரு காரணம்.

மாமல்லபுரத்துக்கு ஓட்டிப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிச் சூட்டில் காய வைத்து நிறுத்துங்கள். கடற்கரையிலேயே வீடு இருந்தால், செங்கல்பட்டில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார்களா, அவர்கள் வீட்டில் காலியான கொட்டகை இருக்கிறதா என்று விசாரித்து வைப்பது எந்தப் பெயிண்டையும்விட மலிவு.